சுண்டிக்குளம்: பறவை பார்க்க நீங்களே போய்வருவது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் வாகனங்கள் ஆனையிறவைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. வீதியின் கிழக்குப் பக்கம் கண்ணெட்டும் தூரம் வரை விரிந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பை அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நீர் கிழக்கே நீண்டு வங்காள விரிகுடாக் கரையைத் தொடும் இடம்தான் சுண்டிக்குளம். 1938இல் அது பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூனில் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டேயர். குடாநாட்டின் வாசலிலேயே இத்தனை பெரிய காட்டுயிர்ப் பூங்கா இருப்பது குடாநாட்டுக்காரர் பலருக்கே தெரியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களை யாலைக்கும் வில்பத்துக்கும் கூட்டிப்போகிறோம். கென்யா போகக் காசு சேர்க்கிறோம். பக்கத்தில் கிடக்கும் ஏரியைப் பார்த்ததில்லை.

இந்த அத்தியாயம் ஒரு நாள் பயணத்துக்கானது. விடியமுன் புறப்பட்டு, இருட்டமுன் ஏ9 வீதிக்குத் திரும்பிவிடுவது திட்டம்.

## இது யாலை அல்ல

யாலையில் நுழைவுச்சீட்டு எடுத்து ஜீப்பில் ஏறினால் போதும், மிச்சத்தைச் சாரதி பார்த்துக்கொள்வார். இங்கே அப்படி ஜீப் வரிசை இல்லை. சாப்பாட்டுக்கடை, நிழல் மண்டபம், கழிப்பறை எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். உகண்டாவின் வடகிழக்கு மூலையில் கிடெப்போ என்றொரு பூங்கா உண்டு. 1962இல் அறிவிக்கப்பட்டது, இன்றைக்கும் போகிறவர் குறைவு. அங்கே போகிறவர்கள் தண்ணீர், எரிபொருள், சாப்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். சுண்டிக்குளத்துக்கும் அதே கணக்குத்தான். தூரம் குறைவு என்பதற்காக ஆயத்தத்தைக் குறைக்கக்கூடாது.

இன்னொன்று: இங்கே விலங்கைத் தேடித் துரத்துகிற பயணம் சரிவராது. நல்ல ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் மேய்ந்து வரும். நான்கு இடத்துக்கு ஓடியவரைவிட ஓரிடத்தில் இரண்டு மணிநேரம் இருந்தவர்தான் அதிகம் பார்த்துவிட்டு வருவார். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

## எப்போது போவது

வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறும் வேறு சிற்றாறுகளும் இந்த ஏரியில் வந்து விழுகின்றன. மழை உச்சத்தில் இருக்கும்போது ஏரி நிரம்பி ஆழமாகிவிடும். நீண்ட காலுள்ள பறவைக்குக்கூட அப்போது கால் ஊன்ற இடமிராது. மழை விட்டு, தண்ணீர் மெல்ல வற்றி, உப்புக் கூடி, சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கும்போதுதான் நாரையும் உள்ளானும் பூநாரையும் இறங்கும்.

- தை முதல் மாசி வரை (ஜனவரி நடு முதல் மார்ச் நடு வரை): மிகச் சிறந்த காலம். வலசை வந்த பறவைகள் எல்லாம் நிற்கும், தண்ணீரும் அளவாக இருக்கும்.
- புரட்டாதி, ஐப்பசி: முதல் வலசைப் பறவைகள் வந்து சேரும். மழை எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது.
- பங்குனி, சித்திரை: வெயில் ஏறும். புறப்படப்போகும் பறவைகள் இனப்பெருக்கக் கால நிறம் மாறி நிற்பதைப் பார்க்கலாம். பழகிய கண்ணுக்கு இது நல்ல விருந்து.
- ஆனி முதல் ஆவணி வரை: போகவேண்டாம். சோழகம் புழுதியை அள்ளி வீசும், ஏரியின் பெரும்பகுதி வெடித்த உப்புத்தரையாகக் கிடக்கும்.

மார்கழி விடுமுறையில் மட்டும்தான் வரமுடியும் என்றால், போகும் கிழமையில் எவ்வளவு மழை பெய்தது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

## புறப்பட ஒரு கிழமைக்கு முன்

1. வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசுங்கள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். எந்தப் பகுதிக்குப் போகலாம், அனுமதிச்சீட்டு எங்கே எடுப்பது, உத்தியோகத்தர் ஒருவர் கூட வருவாரா என்ற மூன்றையும் கேளுங்கள். பெயரையும் திகதியையும் குறித்துவையுங்கள். அவர்கள் "அந்தப் பக்கம் இப்ப போகவேண்டாம்" என்றால் போகவேண்டாம்.
2. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே கைவிடுங்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், பூங்கா அனுமதி வேறு வேண்டும். எல்லா அனுமதியும் கிடைத்தாலும், தலைக்குமேல் இரைந்து வரும் ஒரு பொருளைப் பருந்தென்று எண்ணி முழுக் கூட்டமும் எழும்பிவிடும்.
3. வாகனத்தைத் தீர்மானியுங்கள். அடிப்பாகம் நிலத்திலிருந்து உயர்ந்த வான் அல்லது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நல்லது. தனி மோட்டார் சைக்கிளில் தனியே போகவேண்டாம். ஒன்று பஞ்சரானால் மற்றது வேண்டும்.
4. பஸ்ஸில் அல்லது ரயிலில் வருகிறவர்கள் பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி வரை வரலாம். அதற்கப்பால் முச்சக்கரவண்டியை முழுநாளுக்குப் பேசி வைத்திருங்கள். இறக்கிவிட்டுப் போகச் சொன்னால் திரும்பி வர வாகனம் கிடைக்காது.
5. கைத்தொலைபேசியில் வரைபடத்தையும், மெர்லின் பறவைச் செயலியில் இலங்கைத் தொகுப்பையும் முன்பே இறக்கிவையுங்கள். ஏரிக்கரையில் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.
6. போகும் வழி, திரும்பும் நேரம், கூட வருபவர் பெயர் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "ஏழு மணிக்குள் நான் எடுக்காவிட்டால் இன்னாருக்குச் சொல்லுங்கோ" என்று ஒரு பெயரும் சொல்லி வையுங்கள்.

## பைக்குள் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு நான்கு லீற்றர். ஏரியோரத்துக் கிணறுகள் பல உவர். அவற்றை நம்பக்கூடாது. காலைக்குப் புட்டோ இடியப்பமோ பார்சல் கட்டுங்கள். மத்தியானத்துக்குக் கெட்டுப்போகாத சாப்பாடு வேண்டும். பாணும் வாழைப்பழமும் கச்சானும் போதும். தேங்காய்ப்பால் கறியை இந்த வெயிலில் மத்தியானம் வரை வைத்திருக்கவேண்டாம். கொஞ்சம் பனங்கட்டி கொண்டுபோங்கள், களைப்புக்குக் கை கொடுக்கும்.

உடுப்பு மண்ணிறம், சாம்பல், மங்கிய பச்சை. வெள்ளை வேண்டவே வேண்டாம். வெட்டையில் வெள்ளைச் சட்டை வெகுதூரம் தெரியும். முழங்கை மூடிய சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, கணுக்காலை மூடும் சப்பாத்து. செருப்போடு வருபவரை வாகனத்தைவிட்டு இறக்கவேண்டாம். ஏன் என்பதைக் கீழே பாதுகாப்புப் பகுதியில் சொல்கிறேன்.

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் அதன் அசலைக் கொண்டுவர வேண்டும். கரையோரத்தில் கடற்படையினர் விசாரிப்பது வழமை.

தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: எட்டு மடங்கு பெருக்கி, 42 மில்லிமீற்றர் வாயுள்ளது எடுங்கள். கடைக்காரர் இருபது மடங்கைக் காட்டுவார். கையில் பிடித்தால் அது வாடைக்காற்றில் ஆடும், பறவைக்குப் பதில் நடுக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். தூரத்துக் கூட்டத்தைப் பிரித்தறிய வேண்டுமானால் முக்காலியில் நிற்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாக இரவல் வாங்குங்கள்.

## எந்த வழி

இரண்டு பக்கத்தாலும் ஏரியை அணுகலாம்.

வடக்குக் கரை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கொடிகாமம், பளை தாண்டி இயக்கச்சிக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதியால் வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வந்து கரையோரமாகத் தெற்கே சுண்டிக்குளம். வடமராட்சிக்காரர் பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணி, உடுத்துறை ஊடாகக் கரைவீதியாலேயே இறங்கலாம்.

தெற்குக் கரை. பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரம் வந்து, வடக்கே கல்லாறு பக்கமாக. வன்னியிலிருந்து வருகிறவர்களுக்கு இது கிட்ட.

இரண்டையும் ஒரே வட்டமாகச் சுற்றிவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து எண்ணவேண்டாம். மாரியில் ஏரிநீர் கடலுக்கு வெட்டிப் பாயும் இடத்தில் பாதை போய்விடும். இந்த இடத்தில் போடத் திட்டமிட்ட அணைக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், கடல்நீர் வராமல் தடுத்து இந்த ஏரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று எங்கள் வீடுகளில் இன்றும் பேசப்படுவது அதுதான். குடாநாட்டின் கிணறுகள் உவராகிக்கொண்டு வருவதைப் பார்க்கும் எவரும் அந்தக் கனவை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதேநேரம் இப்போது இங்கே வந்திறங்கும் பறவைகளில் பல, உவர்நீரை நம்பி வருபவை. தண்ணீர்ப் பேச்சு மறுபடி எழும்போது இந்த இரண்டாவது விஷயத்தையும் சேர்த்துப் பேச ஆட்கள் வேண்டும். அதற்கு முதலில் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

முதற்தடவை போகிறவர் வடக்குக் கரையால் போங்கள். காரணம் வெளிச்சம். காலையில் சூரியன் கடல் பக்கம், அதாவது கிழக்கில். கரையோரத்தில் நின்று மேற்கே ஏரியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் சுத்தமாகத் தெரியும். மாலையில் இது தலைகீழ். அப்போது ஏ9 வீதியில் ஆனையிறவில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். ஆகவே காலை சுண்டிக்குளம், மாலை ஆனையிறவு. இந்த ஒழுங்கை மாற்றினால் நாள் முழுக்கக் கறுத்த உருவங்களைத்தான் பார்ப்பீர்கள்.

## அந்த நாள்: படிப்படியாக

1. அதிகாலை 4.15. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுங்கள். ஆனையிறவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அதற்கு முன்னே இயக்கச்சியில் திரும்ப வேண்டும். எரிபொருளை முதல்நாளே நிரப்பியிருக்க வேண்டும்.
2. பளை. சூடாகத் தேத்தண்ணி குடித்து, தேவையானதை வாங்கி முடியுங்கள். கழிப்பறைக்குப் போவதும் இங்கேயே.
3. 6.15 அளவில் கரை. ஜனவரியில் ஆறரைக்குத்தான் சூரியன் எழும். அதற்குக் கால்மணி முன்பே இடத்தில் இருப்பது நல்லது. வாகன விளக்கை ஏரிப்பக்கம் அடிக்காதீர்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள்.
4. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு பறவையை. அந்நேரம் கடற்றொழிலாளர் வலையோடு கரையில் நிற்பார்கள். போய்க் கதையுங்கள். "அண்ணை, தண்ணி இப்ப எந்தப் பக்கம் கிடக்கு? பூநாரை இறங்கியிருக்கோ?" என்று கேட்டால், ஏரியின் அன்றைய நிலவரம் முழுக்க வந்துவிடும். எந்த வரைபடத்திலும் இது இல்லை.
5. 6.30 முதல் 9 வரை ஒரே இடம். வீதியோரத்தில், ஆட்கள் நடமாடும் தடத்தில், புதரோ வாடியின் நிழலோ முதுகுக்கு இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். நிற்கும் மனிதனைவிட உட்கார்ந்த மனிதனுக்குப் பறவைகள் கிட்ட வரும்.
6. 9 மணிக்குப் பிறகு தரை சூடேறிக் கானல் எழும். தூரத்துப் பறவை நீருக்குள் கரைவதுபோல் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதை வெல்லாது. இப்போது கிட்டத்துப் பறவைகளைப் பாருங்கள்: பற்றைகளில் பஞ்சுருட்டான், மின்கம்பியில் பருந்து, வாடியடியில் உள்ளான்.
7. 11 முதல் 3 வரை வெட்டையில் நிற்கவேண்டாம். ஊர்ப்பக்கம் திரும்பி மரநிழலில் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்புங்கள். உடுத்துறைச் சுனாமி நினைவாலயத்துக்குப் போவதானால் இதுவே நேரம்.
8. 3.30க்கு ஆனையிறவை நோக்கிப் புறப்படுங்கள். வாகனத்தை ஏ9 வீதியில் நிறுத்தாமல், ஒதுக்குப்புறமான பாதுகாப்பான இடத்தில் விட்டு, கிழக்கே பாருங்கள். நெடுந்தூர பஸ்கள் இங்கே பறந்து வரும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.
9. 6 மணி. முடித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறு மணி சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

## பூநாரையைப் பார்ப்பது

அதிகம் பேர் வருவது இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் தூரத்தில் தெரிவது பறவையல்ல, நீர்மேல் ஒரு வெளிர்ந்த கோடு. உப்பு நுரை என்று கடந்துவிடுவீர்கள். அந்தக் கோடு மெதுவாக நகர்ந்தால் தொலைநோக்கியை உயர்த்துங்கள். நின்றால் நான்கடிக்கு மேல் உயரம், உடல் வெண்மையோடு கலந்த இளஞ்சிவப்பு, அலகு நடுவில் உடைந்ததுபோல் கீழ்நோக்கி வளைந்து, நுனி கறுப்பு. சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறினமல்ல, வளர்ந்த குஞ்சுகள். நிறம் இரையில் உள்ள நிறப்பொருளிலிருந்து வருகிறது, அது உடம்பில் ஏற ஆண்டுகள் எடுக்கும்.

ஒரு பறவையை மட்டும் தெரிந்தெடுத்து ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். கழுத்தை நேரே கீழே இறக்கி, தலையைத் தலைகீழாகத் திருப்பி, மேலலகு சேற்றுப் பக்கம் இருக்க நீருக்குள் வைக்கும். தொண்டை விட்டுவிட்டுத் துடிப்பது தெரியும். நாக்கு உள்ளே பம்பி போல முன்னும் பின்னும் ஓடி நீரை இழுத்துத் தள்ளுகிறது. அலகின் ஓரத்துச் சீப்பு நுண்ணிய இறாலையும் பாசியையும் பிடித்துக்கொள்கிறது. காலை ஒரே இடத்தில் மாறிமாறி மிதித்து வட்டமாகச் சுற்றுவதும் சேற்றைக் கலக்கி இரையை எழுப்பத்தான். வற்றிய பிறகு அந்தச் சேற்றில் வட்டவட்டமான குழிகள் மிஞ்சியிருக்கும்.

இனி முக்கியமானது. கூட்டம் மேயும்போது தலைகள் கீழே இருக்கும். நீங்கள் எட்டவேண்டாத தூரத்தை எட்டிவிட்டால் பல தலைகள் ஒரே நேரத்தில் மேலே வரும். அடுத்து எல்லாம் ஒரே திசைக்கு நடக்கத் தொடங்கும். அதற்கடுத்தது ஓட்டம், பிறகு பறப்பு. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. நீர்மேல் ஓடித்தான் எழும்ப வேண்டும். அதற்கு நிறையச் சக்தி போகும், மேய்ந்து சேர்த்த சக்தி. ஆகவே தலைகள் எழும்பினால் நீங்கள் நில்லுங்கள். நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள்.

சிறகு விரியும்போது தெரியும் சிவப்பும் கறுப்பும் அழகுதான். அதைப் படமெடுக்க வேண்டுமென்று கல்லெறிந்தும் கைதட்டியும் கூட்டத்தை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் ஒருவர் அப்படிச் செய்தால் அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துத் திரும்புங்கள். வள்ளம் வாடகைக்குப் பேசிக் கூட்டத்துக்குள் போவதும் இதே குற்றம்தான்.

## மற்றவற்றைப் பிரித்தறிய

- மஞ்சள்மூக்கு நாரை: தூரத்தில் பூநாரையோடு குழம்புவது இதுவே. பின்னிறகில் இளஞ்சிவப்பு இருக்கும். ஆனால் அலகு நீண்டு, தடித்து, மஞ்சளாக இருக்கும், நுனி மட்டும் சற்றுக் கீழே வளைந்திருக்கும். நெஞ்சில் கறுப்புப் பட்டி.
- கரண்டிவாயன்: வெள்ளை உடல். அலகைத் திறந்தபடி இடமும் வலமும் அரிவாள் வீசுவதுபோல் நீரில் வீசிக்கொண்டு நடக்கும்.
- கூழைக்கடா: பெரிய உடல், தொங்கும் பை. பத்து மணிக்குப் பிறகு வெப்பக்காற்றில் வட்டமடித்து மேலேறும்.
- நெட்டைக்கால் உள்ளான்: சிவந்த மெல்லிய கால். எல்லா இடத்திலும் இருக்கும், முதலில் கத்தி மற்றவற்றை எச்சரிப்பதும் இதுதான்.
- வாத்துகள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் நடு ஏரியில் ஒன்றாய் மிதக்கும். பகலில் தலையைச் செட்டைக்குள் புதைத்துத் தூங்குவதால் முதற்தடவை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலை வெளிச்சத்தில் மட்டும் பிரிக்கப் பாருங்கள்.
- கருவால் மூக்கன்: நீண்ட நேரான அலகு. பறக்கும்போது சிறகில் வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்பும்.

சின்ன உள்ளான்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பது அனுபவசாலிக்கே பாடு. முதற்பயணத்தில் அதில் நேரத்தைச் செலவழிக்கவேண்டாம்.

எண்ணுவதற்கு ஒரு வழி: கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதே அளவுத் துண்டுகளாக முழுக் கூட்டத்தையும் வெட்டி எண்ணுங்கள். பெரிய கூட்டமென்றால் நூறுநூறாக. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள்.

## பாதுகாப்பு

மிதிவெடி. இதை முதலிலும் சொல்லலாம், முடிவிலும் சொல்லலாம். ஆனையிறவும் வெற்றிலைக்கேணியும் முகமாலையும் பல தடவை போர்முனையாக இருந்த மண். வெடிபொருள் அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து பெரும்பகுதி துப்புரவாகியிருக்கிறது. ஆனாலும் துப்புரவான நிலத்துக்கும் ஆகாததற்கும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மழைவெள்ளம் மண்ணை அரித்துப் பழைய பொருளைப் புது இடத்துக்கு நகர்த்தும்.

1. ஆட்களும் மாடுகளும் நாளாந்தம் போகும் தடத்தை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் போகக்கூடாது.
2. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, நாடா எதைக் கண்டாலும் திரும்புங்கள். பலகை பழையது, விழுந்து கிடக்கிறது என்பதால் அபாயம் போய்விட்டது என்று முடிவெடுக்காதீர்கள்.
3. மண்ணில் பாதி புதைந்த உலோகம், பிளாஸ்டிக் டப்பா, கம்பி எதையும் தொடாதீர்கள், எறிந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.
4. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் நின்று, வந்த தடத்தில் உங்கள் காலடி மேலேயே காலடி வைத்துத் திரும்பி, இடத்தைக் குறித்துக் கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ (119) அறிவியுங்கள்.

தரவையும் சேறும். வற்றிய ஏரியின் மேற்பரப்பு வெள்ளையாக உலர்ந்து சீமெந்துத்தரை போலத் தெரியும். அந்த உப்புப் பொருக்கு ஒரு விரல் தடிப்புக்கூட இராது. கீழே கறுத்த, முட்டை அழுகிய மணமடிக்கும் சேறு. வாகனம் ஏறினால் அச்சுவரை இறங்கும், இழுத்தெடுக்க உழவு இயந்திரம் வேண்டும். கால் புதைந்தால் உதறாதீர்கள். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பாரத்தைப் பரப்பி, ஒரு காலை மெல்ல அசைத்து நீர் புகவிட்டு எடுங்கள்.

நீர். இந்தப் பக்க நீர்நிலைகளில் முதலை இருக்கலாம் என்றே எண்ணி நடவுங்கள். கால் கழுவவும் விளிம்புக்குப் போகவேண்டாம். வாடைக்காலக் கடலில் குளிக்கவேண்டாம், முகத்துவாரப் பக்கம் சுழி இழுக்கும்.

பாம்பு. மணற்பாங்கான இந்த நிலத்தில் சுருட்டை விரியனும் புடையனும் உண்டு. மூடிய சப்பாத்து இதற்காகத்தான். கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. தொடர்பு கிடைக்கும் இடம் எது என்று காலையிலேயே பார்த்து வைத்திருங்கள்.

தில்லை மரம். கண்டல் ஓரத்தில் இலை ஒடித்தால் பால் வடியும் மரத்தைத் தொடாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பட்டுவிட்டால் கொண்டுவந்த நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

பத்து மணிக்கு வந்து "ஒரு பறவையும் இல்லை" என்று திரும்புவது முதலாவது. பன்னிரண்டு பேராக வருவது இரண்டாவது. நான்கு பேருக்கு மேலானால் இரண்டாகப் பிரியுங்கள். பாட்டுப் போடுவது, சமைத்துச் சாப்பிடுவது, போத்தலை விட்டுவிட்டு வருவது பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்போது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு சாக்குக் கொண்டுபோய், உங்களுடையதோடு சேர்த்துக் கையெட்டும் தூரத்தில் தடத்தில் கிடப்பதையும் பொறுக்கி வாருங்கள்.

## கரையில் இருப்பவர்கள்

சுண்டிக்குளம் ஆளில்லாக் காடல்ல. மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் ஊர். 2004 சுனாமியும், பின்பு போரும் இந்தக் கரையை அடியோடு துடைத்தன. திரும்பி வந்து குடியேறியவர்களுக்குத் தங்கள் கரை பூங்காவானதில் தொழில் பற்றிய கவலையும் உண்டு. அது நியாயமான கவலை. பறவையைக் காப்பதாக வருகிறவர் அவர்கள் வயிற்றை மறந்து பேசக்கூடாது.

உலர்த்தப் போட்ட வலையை மிதிக்காதீர்கள். ஏரியில் நட்டிருக்கும் களங்கட்டித் தடிகளைத் தொடாதீர்கள். ஆட்களைப் படமெடுக்கமுன் கேளுங்கள். வழிகாட்ட ஒருவர் வந்தால், அன்றைய தொழிலை விட்டு வருகிறார் என்று கணக்கிட்டு, ஒரு நாள் உழைப்புக்குக் குறையாமல் கொடுங்கள். தொகையைப் புறப்படுமுன்பே பேசிவிடுங்கள். கருவாடோ இறாலோ வாங்குவதானால் கரையிலேயே வாங்குங்கள். போரில் யாரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

## வீட்டுக்கு வந்தபின்

அன்றிரவே குறிப்பை எழுதிவிடுங்கள்: திகதி, நேரம், இடம், நீர்மட்டம் கணுக்காலா முழங்காலா, காற்றுத் திசை, பறவையின் பெயர், எண்ணிக்கை. நிச்சயமில்லாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். இபேர்ட் (eBird) பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது இலங்கைப் பறவைகள் கழகம். எண்ணப் பழகிய கண் நான்கைந்து பேருக்கு இருந்தால், அடுத்த தைக்கு முன்பே அவர்களுக்கு எழுதி, வடக்கில் எந்தத் துண்டை நீங்கள் எண்ணித் தரலாம் என்று கேளுங்கள். கடிதத்தோடு உங்கள் முதற்பயணக் குறிப்பின் பிரதியையும் வையுங்கள்.